எண் 4417

குரிச்சிபா நகரத்தில் இருபத்திரண்டு வருடமாக
வாய்களோடு பிழைப்பு எனக்கு.
முகங்களை எனக்கு அனுப்புவதில்லை.

பஞ்சு பொதிந்த அட்டைப் பெட்டியில் வரும்
மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று,
வெள்ளை மாவுக்கல் வார்ப்பாக.
அடியில் பென்சிலில் எண்.
எப்போதாவது டாக்டர் வலேஸ்காவின் கிறுக்கல்:
அம்மாவுக்குப் பொறுமை இல்லை, வெள்ளிக்குள் வேண்டும்.

பல்மேல் ஒட்டும் பிராக்கெட்டுகள் என் வேலை அல்ல.
அதெல்லாம் கிளினிக் நாற்காலியோடு சரி.
பையன்கள் தங்கள் கால்பந்து அணியின் நிறத்தில்
ரப்பர் வளையம் கேட்பார்களாம்,
அணி தோற்ற மாதம்
சாம்பல் நிறம் போதும் என்பார்களாம்.
வரவேற்பில் இருக்கும் ஜுசாரா சொல்லித்தான் தெரியும்.

என் மேசையில் உருவாவது வேறு.
அண்ணத்தை அகட்டும் திருகு:
நடுவில் ஊசித்துளை, அதற்கொரு சாவி,
இரவுக்குக் கால் சுற்று.
இரண்டாம் வாரம் முன்பற்களுக்கு நடுவே
ஒரு சந்து திறக்கும்.
எல்லா அம்மாக்களும் அந்த வாரம் போன் செய்வார்கள்,
பிள்ளை வாய் கெட்டுப்போச்சு என்று.
கெடவில்லை அம்மா,
இடம் வருகிறது.
இடம் வரும்போது பார்க்க அப்படித்தான் இருக்கும்.

தாடை பின்தங்கியவர்களுக்கு இரட்டைக் கட்டை.
மூடினால் சரிவில் வழுக்கிக்
கீழ்த்தாடை முன்னே வந்து நிற்கும்.
சொலாஞ்சி என்றொரு சிறுமி அதை மாட்டிக்கொண்டு
ஆறு மாதம் தொலாஞ்சியாக இருந்தாள்.
கழுத்துப் பட்டையோடு இழுக்கும் வளையம்
வாழ்நாளில் ஒன்பதுதான் செய்திருக்கிறேன்.
வண்டிக்குதிரைக்குச் செய்வதுபோல் இருந்தது.

இப்போது பக்கத்து அறையில்
அச்சு இயந்திரம் இரவெல்லாம் முனகுகிறது.
கண்ணாடிபோல் தெளிந்த உறைகள், ஆளுக்கு இருபத்தாறு,
உறைக்குப் பத்து நாள்.
பல்லுக்கே தெரியாமல் நகர்த்துகிறோம் என்கிறார்கள்.
பல்லுக்குத் தெரியும்.
எலும்பு கரைந்து எலும்பு கட்டுவது
தெரியாமலா நடக்கும்?

4417க்கு மேல் இடது வேட்டைப்பல்
வரிசையில் முண்டியடித்து நுழைந்தவனைப்போல்
முன்னால் தெற்றிக்கொண்டு நின்றது.
பக்கத்து முன்பல்லின் நுனியில்
அரிசி முனையளவு உடைசல்.
மூன்று வருடம் கழித்து மறுபடி வந்தபோது
தெற்றுப்பல் அடங்கியிருந்தது, உடைசல் அப்படியே.
கடைசித் தட்டு நான்தான் செய்தேன்.
முன்னே ஒரு வில் கம்பி, பின்னே இரண்டு கொக்கி,
செங்கல் நிறப் பிசின், அவரே கேட்டது.
சீட்டில் எழுதினேன்:
இரவுதோறும், ஆயுள் முழுக்க.
செய்தவர்: இ. ஷிம்சாக்.

போன ஜூன் மாதம், எலும்பை நடுக்கும் குளிர்,
கண்ணாடிக் குழாய் போன்ற பேருந்து நிறுத்தம்.
எதிரே ஒரு ஆள் காகிதப் பொட்டலத்தில்
அவித்த பின்யாவ் கொட்டை தின்றுகொண்டிருந்தார்.
தோலை முன்பல்லால் கவ்வி இழுத்தார்.
உடைசல்.

ஐயா, உங்களை எனக்குத் தெரியும்.
உங்கள் அண்ணத்தின் மேடு பள்ளமெல்லாம்
என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
கீழ்வரிசையில் ஒரு பல் லேசாகத்
தோளைத் திருப்ப ஆரம்பித்திருப்பதும் தெரிகிறது.
அந்தச் செங்கல் தட்டு
எந்த இழுப்பறையில் கிடக்கிறது?

எதையும் சொல்லவில்லை.
முன்பின் தெரியாதவரின் வாயை
அவ்வளவு நேரம் பார்க்கக்கூடாது.
பசி என்று நினைத்தாரோ என்னவோ,
பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.
சிரித்தேன்.
வைத்தியம் பார்க்காத என் தெற்றுப்பல்லை
அவர் பார்த்தார்.
அவருடையது
என் அலமாரியில் மூன்றாம் தட்டில் இருக்கிறது.

கொட்டை சூடாக இருந்தது.
கடைவாயில் வைத்துக் கடித்தேன்.
முன்பல்லால் உரிக்க
எனக்கு வராது.